விலை ஆடாத கடன்பத்திரம் ஆபத்தில்லாததா?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி சுற்றுகிறது: "இந்த நிறுவனக் கடன்பத்திரத்தின் விலை ஓராண்டாக ஆடவே இல்லை. வங்கி நிரந்தர வைப்பு மாதிரி பாதுகாப்பு." கூடவே, அடிக்கோல் வைத்து இழுத்தது போல ஒரு விலைக்கோடு. அதைக் காட்டி, சேமநிதிப் பணத்தைப் போடலாமா என்று அக்கா கேட்டார்.

போட வேண்டாம், செய்தி தவறு. பல கடன்பத்திரங்கள் வாரக்கணக்கில் கைமாறுவதே இல்லை. விற்பனையே நடக்காதபோது விலை எப்படி ஆடும்?

அப்புறம், நேற்றுவரை இருந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் அளந்தால் திடீர்த் தாவல் தெரியாது. சுவிஸ் மத்திய வங்கி 2011 முதல் யூரோவை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்தது. கடைசி மாதங்களில் விலை அந்த எல்லையை ஒட்டியே அமைதியாகக் கிடந்தது. 2015 ஜனவரி 15 அன்று வங்கி பிடியை விட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. இத்தகைய தாவலைப் பொருளியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1976லேயே விலை நகர்வுக் கணக்கில் தனியாகச் சேர்த்திருந்தார்.

நிறுவனம் கடனைக் கட்டத் தவறுவதும் இப்படித்தான், ஒரே நாளில் தெரியவரும். வங்கி வைப்புக்கு, மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி தருகிறது. கடன்பத்திரத்துக்கு அது கிடையாது.