50 மாநிலத்துக்கு 50 ஆல்பமா? வந்தது இரண்டுதான்

காரைக்குடிப் பக்கம் பாட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் தன் நாட்டின் 50 மாநிலங்களுக்கும் தலா ஒரு ஆல்பம் போட்டு முடித்துவிட்டார். இல்லினாய் ஆல்பத்துக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராவையே உட்கார வைத்தார்.” இரண்டுமே தவறு.

மாநில வரிசையில் வந்தவை 2003-இல் மிச்சிகன், 2005-இல் இல்லினாய், அவ்வளவுதான். 50 போடப்போவதாக அவரே சொல்லியிருந்ததால் பலரும் நம்பிவிட்டார்கள். அது விளம்பர உத்திதான் என்று 2009-இல் அவரே ஒப்புக்கொண்டார். 2006-இல் வந்த ‘தி அவலான்ச்’ மூன்றாவது மாநிலம் அல்ல; இல்லினாயில் சேராமல் மிஞ்சிய பாடல்கள்.

ஆர்கெஸ்ட்ரா விஷயம்தான் எனக்கு முக்கியம். நேற்று வீட்டு வளவில் ஸ்பீக்கர் வைத்து, இல்லினாய் ஆல்பத்தின் ‘சிகாகோ’ பாடலைப் போட்டேன். ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, “எத்தனை பேரப்பா வாசிக்கிறாக?” என்று கேட்டாக. பியானோ, பான்ஜோ, ஓபோ என்று அந்த ஆல்பத்தின் பெரும்பாலான கருவிகளை ஸ்டீவன்ஸ் ஒருவரே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். டிரம்ஸ், டிரம்பெட், நான்கு பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழு, ஒரு பாடகர் குழு துணைக்கு வந்தன. இவ்வளவு உழைப்பை, முகம் தெரியாத ஏதோ ஒரு ஆர்கெஸ்ட்ரா கணக்கில் எழுதுவது அநியாயம்.

செய்தியை அனுப்பியவர்கள் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போடுங்கள். மீதி 48 ஆல்பத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.