'பிரான்ஸ்' கப்பல் 'நார்வே' ஆனபோது

பழைய பயணக் கப்பல்களை மறுசீரமைப்பு என்ற பெயரில் உருக்குலைத்துவிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் அதன் கட்டுரையாளர் வருந்துவதை, 'பிரான்ஸ்' கப்பலைப் பொறுத்தவரை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. 1962-இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் விரைவுக் கப்பலாகப் பணியைத் தொடங்கி, 1974-இல் ஓய்வு பெற்ற அதனை, 1979-இல் நார்வே நாட்டு முதலாளி ஒருவர் வாங்கி, ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் கப்பல் தளத்தில் கரீபியன் உல்லாசப் பயணத்துக்கு ஏற்ப மாற்றி, 'நார்வே' என்று பெயரிட்டார். நிதானமாகச் செல்லும் அந்தப் பயணத்துக்கு 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகம் வீண் எரிபொருள் செலவு என்பதால் நான்கு உந்துவிசிறிகளில் இரண்டைக் கழற்றினார்கள்; வட அட்லாண்டிக் குளிருக்காக மூடப்பட்டிருந்த நடைத்தளங்கள் கடைவீதிகளாயின. தீவுத் துறைமுகங்களுக்குள் நுழைய இடம்தராத மிதவை ஆழத்தை (நீருக்குள் கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம்) மட்டும் குறைக்க வழியில்லாததால், பயணிகளைக் கரைசேர்க்கும் இரண்டு பெரிய படகுகளை அது முன்தளத்திலேயே சுமந்து திரிந்தது. (கப்பலுக்குள் கப்பல்!) இவையெல்லாம் தேவை கருதிய மாற்றங்களே. ஆனால், 1990-இல் உச்சியில் இரண்டு தளங்களை ஏற்றியபோது, பக்கவாட்டில் சிறகு போன்ற அமைப்பு கொண்ட அதன் புகைபோக்கிகளின் கம்பீரம் குன்றியது. கட்டுரையாளரின் மனக்குறை அங்கே முற்றிலும் பொருந்தும். மேலே இத்தனை மாறியும் அடியில் பழைய கொதிகலன்களே தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று 2003-இல் மயாமி துறைமுகத்தில் வெடித்து, ஊழியர்கள் 8 பேர் உயிரிழந்தனர்.