பனிக்கு மூட்டை மூட்டையா உப்பு கொட்ட சொல்ற ஆடியோ தப்புங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் நம்ம வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஆடியோ சுத்துது, "ஐஸ் பிடிச்சா உப்பை அள்ளி கொட்டுங்க, எவ்வளவு போடுறீங்களோ அவ்வளவு சீக்கிரம் உருகும், அப்புறம் தண்ணியோட போயிடும், ஒண்ணும் ஆகாது"ன்னு. டர்பன்ல நமக்கு ஐஸ் ஏது, ஆனா 2024 செப்டம்பர்ல வான் ரீனன் மலைக் கணவாய்ல பனி கொட்டி, டர்பன்ல இருந்து ஜோஹன்னஸ்பர்க் போற என்3 ரோடே மூடிக்கிடந்தது ஞாபகம் இருக்கும், அந்தப்பக்கம் வீடு, லாட்ஜ் வச்சிருக்கிற அண்ணன்மாரு அக்காமாரு இதை நம்பிடக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

உப்பு தண்ணியோட போகும், சரி, ஆனா காணாம போகாதுங்க. 25 கிலோ உப்பு மூட்டையில சுமார் 15 கிலோ குளோரைடு (உப்புல பெரும்பகுதி இதுதான், அளவு மீறினா மீன், தவளைக்கெல்லாம் ஆகாது), அமெரிக்காவுல நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம்தான், கணக்கு போட்டா ஒரே மூட்டை 65,000 லிட்டர் தண்ணிய அந்த வரம்புக்கு கொண்டு போயிடும். கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற ஹாரிஸ்மித் ஊர் தண்ணி வில்க ஆறு வழியா, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக்கு குடிதண்ணி குடுக்கிற வால் (Vaal) அணைக்குத்தான் போகுது, அதை எத்தனை பேர் குடிக்கிறாங்கன்னு யோசிங்க! செடி வேரும் கருகும், கான்கிரீட்டும் பேந்துபோகும்.

முதல்ல மண்வெட்டியால பனிய வாரிடுங்க. மிச்ச ஐஸுக்கு ஒரு காபி மக் உப்பு, கிட்டத்தட்ட 350 கிராம், 6 மீட்டர் டிரைவ்வேக்கு போதும், நெருக்கமா கொட்டாம தூவுங்க. மைனஸ் 9 டிகிரிக்கு கீழ போனா சாதா உப்பு சரியா வேலை செய்யாது, அப்போ மணல் போடுங்க, உருக்காது ஆனா வழுக்காது. காஞ்சதும் மீந்த உப்பை கூட்டி எடுத்து வச்சுக்குங்க, மறுபடி போடலாம்.