அதிகப் பணம் கட்டினால் மட்டும் மேலே வராது
கூகுள் தேடலில் யார் அதிகம் பணம் கட்டுகிறாரோ அவர் விளம்பரம்தான் முதலில் வரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதிதான் சரி. ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக ஏலம் நடக்கிறது. கேட்கும் தொகையோடு, விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்யும் வாய்ப்பு, தேடிய சொல்லுக்கும் அதற்கும் உள்ள பொருத்தம், திறக்கும் பக்கத்தின் தரம் எல்லாம் சேர்த்துத்தான் இடம் முடிவாகும். குறைவாகக் கேட்டவர் மேலே வருவது சகஜம். சிறு தொழில் செய்பவர்களின் பணம் கரைவது வேறு இடத்தில். மதுரையில் ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிப்புக் கருவி) சர்வீஸ் செய்பவர் ஊரை மதுரை என்று வைத்தாலும், விளம்பரத்தை எந்த இடத்தவருக்குக் காட்டுவது என்ற லொக்கேஷன் ஆப்ஷனை அப்படியே விட்டால் மதுரையைப் பற்றித் தேடும் சென்னைக்காரருக்கும் விளம்பரம் போகும். 'அங்கே இருப்பவர்கள் மட்டும்' என்று முதலிலேயே மாற்றிவிட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறையாவது சர்ச் டெர்ம்ஸ் பட்டியலை, அதாவது மக்கள் எதைத் தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்ற பட்டியலை, திறந்து பாருங்கள். 'ஆர்ஓ மெக்கானிக் வேலை', 'ஆர்ஓ சர்வீஸ் கோர்ஸ்' என்று தேடி வந்தவர்களுக்கும் காசு போயிருக்கும். அவற்றை நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் வரக் கூடாத தேடல் சொற்களில்) போடும்போது ஒரு கவனம் தேவை: 'வேலை' என்று போட்டால் 'வேலைக்கு' அதில் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களின் வடிவங்களையும் விடக் கூடாது, நம் ஊரில் அப்படித் தேடுபவர்களும் உண்டு. தினம் 300 ரூபாய் வைத்தும் ஒரே நாளில் 600 போனது ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. தேடல் கூடும் நாளில் இரண்டு மடங்கு வரை செலவாகலாம். இடையில் தொகையை மாற்றாதவரை மாதக் கணக்கு தினத் தொகையின் 30.4 மடங்கை (ஒரு மாதத்தின் சராசரி நாட்கள்), அதாவது 9,120 ரூபாயைத் தாண்டாது.