"ஜாம்பித் திருவிழா" என்று சிரித்தவர்களுக்கு

தோராஜா மக்களின் மானெனே சடங்குப் படங்களுக்கு "ஜாம்பித் திருவிழா" என்று பெயர் சூட்டிய அந்த மீமை, நன்கு படித்த நண்பர்களும் சிரித்துக்கொண்டே பகிர்ந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் அம்மக்களுக்கு, இறுதிச் சடங்கு முடியும்வரை இறந்தவர் ஒரு நோயாளி மட்டுமே. எருமைகளைப் பலியிட்டுச் சடங்கை முறையாக நடத்தப் பணம் சேரும்வரை, மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், அவரை வீட்டிலேயே வைத்து உணவும் படைக்கிறார்கள். அடக்கம் செய்து சில ஆண்டுகள் கழித்து, மானெனே சடங்கின்போது உடலை வெளியே எடுத்து, தூசி தட்டி, புத்தாடை உடுத்தி, குடும்பத்தோடு படமும் எடுத்துக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகள் செய்வதில் உங்களுக்கு என்ன கேலி?

கேவலம் எது என்று கேட்டால் சொல்கிறேன். தன் உடலைக் கடலில் இறக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டு 1783இல் இறந்த, அசாதாரண உயரம் கொண்ட அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்னின் எலும்புக்கூட்டை, லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் இரண்டு நூற்றாண்டுகள் காட்சிக்கு வைத்திருந்து, 2023இல்தான் பார்வையிலிருந்து அகற்றியது. 2024 அக்டோபரில் ஒரு நாகா மூதாதையின் மண்டை ஓட்டை இங்கிலாந்தில் ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். நாகாலாந்து கொதித்த பிறகே விலக்கிக்கொண்டார்கள். உறவினர் அன்போடு தொடுவது வேறு, அந்நியர் கேட்காமல் எடுத்துக் கண்ணாடிக்குள் வைப்பது வேறு.

நம் வீடுகளில் மட்டும் என்ன? எங்கள் அப்பாவைப் பெற்ற ஐயா இறந்தபோது, நாற்காலியில் உட்காரவைத்து, நாடிக்கட்டோடும் நெற்றிக் காசோடும், சுற்றிலும் குடும்பத்தை நிறுத்தி எடுத்த படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. அதில் ஐயாவின் தோளைப் பிடித்தபடி நிற்கும் சிறுவன்தான், இன்று அந்த மீமுக்குக் கீழே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அவரிடம் பேசவே எனக்கு மனம் வரவில்லை.

"சுகாதாரக் கேடு" என்பவர்களுக்கு: தோராஜா மக்கள் இப்போது பெரும்பாலும் உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலினைச் செலுத்தித்தான் வைக்கிறார்கள். "மூடநம்பிக்கை" என்பவர்களுக்கு: கோவாவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புனித சவேரியாரின் உடலைக் காண இலட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள், 2024 இறுதியிலும் நின்றார்கள். அவர்களை யாரும் ஜாம்பிக் கூட்டம் என்று எழுதவில்லை, எழுதவும் கூடாது. அந்த மரியாதை மீமில் இருக்கும் தோராஜா கிழவிக்கு மட்டும் ஏன் இல்லை? தேவாலயம் இல்லாமல் குகையில் கிடக்கிறாள் என்பதாலா?

"எல்லாம் சுற்றுலாப் பணத்துக்குத்தான்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பணமும் வருகிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரோ பெற்ற தாயின் முகத்தை மீமாக்கி லைக் வாங்கும் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்க, ஐயா, உங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லையா?