பத்து ரூபாய் நாணயம் என்ன பாவம் செய்தது?

நேற்றுக் காலை பால் வாங்கப் போனேன். சில்லறையாகப் பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்தை நீட்டினேன், கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை, "இது ஓடாதுங்க, நோட்டா இருந்தா குடுங்க" என்று மேசையில் என் பக்கமே தள்ளிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் "ஆமாங்க, பஸ்லயும் வாங்க மாட்டேங்கிறாங்க" என்கிறார். யார் சொன்னது ஓடாது என்று? ₹ குறியீடு இல்லாதது கள்ளக்காசு, காசின் மேல் உள்ள கோடுகளின் எண்ணிக்கை மாறினால் கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. அந்தக் குறியீடு நாணயத்தில் வந்ததே 2011-ல்தான், அதற்கு முன்பு அடித்ததில் எப்படி இருக்கும்? பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியாகிவிட்டது.

வாங்க மறுப்பது சட்டப்படி சரியா என்று நிறையப் பேருக்குச் சந்தேகம். 2011-ன் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரை செல்லத்தக்க பணம். நான் கொடுத்தது வெறும் ஐம்பது ரூபாய்!

எனக்காவது பரவாயில்லை, போனில் பணம் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். கீரைக் கூடையோடு தெருவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி என்ன செய்வார்? அவர் முந்தானை முடிச்சில் இருப்பதெல்லாம் இந்தக் காசுதான். அதை வாங்க மாட்டேன் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.