இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே ஒரு பெட்டி

திருச்சியிலிருந்து மெல்போர்னுக்கு டிக்கெட் தேடுகிறவர்களுக்கு, விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறிச் செல்லும் ஒரு மலிவுப் பயணத்தைத்தான். புறப்படும் நேரம், போய்ச்சேரும் நேரம், மொத்தத் தொகை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு டிக்கெட்டுகள் இருக்கலாம் என்பதும், நடுவில் வரும் சில மணி நேரத்துக்கு அந்த இரண்டு நிறுவனங்களில் எதுவும் பொறுப்பேற்காது என்பதும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகு, கண்ணில் படாத ஓர் ஓரத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். பட்ஜெட் விமானங்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த விற்பனை முறைதான் பிள்ளைகளைப் பார்க்கப் பெட்டியும் கையுமாகப் போகிற பெற்றோரைச் சிக்கலில் விடுகிறது என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முழுச் சேவை நிறுவனங்களில் பயணம் செய்து பழகியவர்களுக்கு, முதல் விமான நிலையத்தில் ஒப்படைத்த பெட்டியைக் கடைசி ஊரில்தான் மறுபடியும் பார்ப்போம் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஒருவருடைய பயணியையும் பெட்டியையும் இன்னொருவர் ஏற்றுக்கொள்வதற்கு அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதால்தான் அது நடக்கிறது. பட்ஜெட் விமானத் தொழில் அந்த ஒப்பந்தச் செலவைத் தவிர்த்தே வளர்ந்தது. ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் அதே விமானத்தைத் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் கணக்கு. பெட்டியை மாற்றி ஏற்ற ஆள் வேண்டும், கணினி இணைப்பு வேண்டும், இணைப்பு தவறினால் மாற்று இருக்கையும் தங்குமிடமும் தர வேண்டும். இவையெல்லாம் கட்டணத்தில் ஏறும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு பேருந்திலும், மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு இன்னொரு பேருந்திலும் போகிறவருடைய மூட்டையை முதல் பேருந்தின் நடத்துநர் இரண்டாவது பேருந்தில் ஏற்றிவிட வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? ஐரோப்பாவின் ரயன்ஏர் இதைத் தன் விதிகளிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மையை நான் குறை சொல்லமாட்டேன்.

நம் பக்கத்து நிலைமை இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. ஏர் ஏசியா நிறுவனம் கோலாலம்பூரின் இரண்டாம் முனையத்தை மையமாக வைத்து 'ஃப்ளை-த்ரூ' என்ற பெயரில் இணைப்புப் பயணங்களை விற்கிறது. திருச்சியில் கொடுத்த பெட்டி மெல்போர்னிலோ சிட்னியிலோ கைக்கு வந்துவிடும், நடுவில் மலேசியாவுக்குள் நுழைய வேண்டியதில்லை. சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனமும் ஒரே முன்பதிவில் வாங்கிய இணைப்புப் பயணத்துக்கு இதே வசதியைத் தருகிறது. ஆகவே பட்ஜெட் விமானம் என்றாலே பெட்டியை நாமே தூக்கி அலைய வேண்டும் என்பது உண்மையில்லை. எல்லாமே அந்த இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் இருக்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே இரண்டு விமானங்களை, நூறு ரிங்கிட் குறைவாகக் கிடைத்தது என்பதற்காகத் தனித்தனியாக வாங்கினால், அந்த நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் கோலாலம்பூரோடு பயணம் முடிந்துவிட்ட ஒருவர். இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், "ரெண்டும் அவங்க விமானம்தானே, சொன்னா மாத்த மாட்டாங்களா?" என்று கேட்கிற உறவினர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

தனித்தனி டிக்கெட் என்றதும் பலரும் நேரத்தைத்தான் கணக்கிடுகிறார்கள். நான்கு மணி நேரம் போதுமா, ஆறு மணி நேரம் வேண்டுமா என்று விவாதிக்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி விசாவைப் பற்றியது. பெட்டி வந்து சுற்றும் பெல்ட், இமிகிரேஷன் மேசைக்கு அப்பால் இருக்கிறது. பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் சட்டப்படி நுழைந்தாக வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. வருகைக்கு முன் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட்டால் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரலாம். சிங்கப்பூரில் கதை வேறு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா வேண்டும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்கள் மூன்றாம் நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் வரை தங்கிச் செல்ல ஒரு சலுகை உண்டு. அதுவும் அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டது. அந்த விசாக்களில் எதுவும் கையில் இல்லாமல், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட்டும் அங்கிருந்து பாலிக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட்டும் வாங்கிய இளம் தம்பதிக்கு, சாங்கி விமான நிலையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தங்கள் பெட்டியைத் தொட வழியில்லை.

பெரும்பாலும் அவர்கள் சாங்கி வரைக்கும்கூடப் போகமாட்டார்கள். நுழைவு அனுமதி இல்லாத பயணியை ஏற்றி வந்தால் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், செக்-இன் ஊழியர்கள் 'டைமேட்டிக்' என்ற விசா விதித் தொகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் தருகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு முதல் டிக்கெட் சிங்கப்பூரில் முடிகிறது. எனவே சிங்கப்பூர் விசாவைக் கேட்கிறார்கள். பாலிக்குப் போகும் டிக்கெட்டைக் கைப்பேசியில் காட்டினாலும், பெட்டியை எப்படி எடுப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. இதே டிக்கெட்டுகளை இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் வாங்கியிருந்தால், சிங்கப்பூருக்குள் குறுகிய காலம் நுழைய விசா தேவையில்லை என்பதால், அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போய்விடுவார். பயணியின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று ஒரு வார்த்தை கேட்காமலே இந்த இரண்டு டிக்கெட்டுகளைக் கோத்து விற்கும் தளத்தை, உதவி செய்யும் கருவி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விசாத் தடை இல்லாத கோலாலம்பூரிலும் வேலை சுலபமில்லை. இரண்டாம் முனையத்தில் இறங்கும் இடத்திலிருந்து இமிகிரேஷன் வரை நடப்பதே முதியவர்களுக்குச் சிரமம். துணை முனையத்தில் இறங்கினால் விமானங்கள் ஓடும் பாதைக்கு மேலே கட்டப்பட்ட நீண்ட பாலத்தையும் கடக்க வேண்டும். பிறகு வரிசை, பெல்ட், சுங்கம், மேல் தளத்துக்கு லிஃப்ட், மறுபடியும் பெட்டி ஒப்படைக்கும் வரிசை. சர்வதேசப் பயணத்துக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவது இந்த நிறுவனங்களில் வழக்கம் என்பதால், நான்கு மணி நேர இடைவெளி என்பது உண்மையில் மூன்று மணி நேரம்தான்; முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தால் இரண்டு. அடுத்த விமானம் மலேசியா ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனத்துடையது என்றால் முதலாம் முனையத்துக்குப் போக வேண்டும். ரயிலில் மூன்றே நிமிடம்தான் என்றாலும், ரயில் மேடை வரை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவது அந்த மூன்று நிமிடக் கணக்கில் சேராது. பாங்காக்கில் இன்னும் மோசம். பட்ஜெட் விமானங்கள் பல டான் முவாங்கில் இறங்குகின்றன. தொடர்விமானம் நகரின் மறுகோடியில் உள்ள சுவர்ணபூமியிலிருந்து கிளம்பினால், நடுவில் பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல் முழுவதும் இருக்கிறது.

கோலாலம்பூரின் அந்தப் பெட்டி ஒப்படைக்கும் வரிசையில் நான் பார்த்த ஒரு காட்சி. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதி, தரையில் பெட்டியைத் திறந்து வைத்து, இட்லிப்பொடி டப்பாவையும் பருத்திப் புடவைகளையும் பிரசவ மருந்துப் பொட்டலத்தையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் டிக்கெட்டில் 30 கிலோ, இரண்டாவதில் 20 கிலோ. விற்ற ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த மலேசியத் தமிழ்ப்பெண், "அம்மா, இது ரெண்டும் தனித்தனி டிக்கெட்டும்மா, அங்க கட்டினது இங்க வராது" என்று பொறுமையாகத்தான் சொன்னார். அந்த அம்மாவோ, "அங்கேயே பணம் கட்டியாச்சேம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவர் சொன்னதும் உண்மைதான். கூடுதல் எடைக்கு இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் விலையும் கவுண்டரில் கேட்கும் விலையும் ஒன்றல்ல என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். கைப்பைக்கும் இதே கதைதான்: ஸ்கூட்டில் 10 கிலோ, ஏர் ஏசியாவில் 7 கிலோ என்ற வேறுபாடு, நடுவழியில் தராசு வைக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இணைப்பு தவறினால் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. தாமதத்துக்கும், பெட்டி தொலைவதற்கும் சேதமடைவதற்கும் அதில் இழப்பீடு உண்டு. பெட்டிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஆனால் முதல் நிறுவனத்தின் ஒப்பந்தம் கோலாலம்பூரோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் வராத பயணி. அவர்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது, அவர்கள் மேல் குற்றமில்லை. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும், தனித்தனி டிக்கெட்டுகளுக்கு இடையே இணைப்பு தவறினால் பணம் கிடைக்குமா என்பதைப் பாலிசியின் விலக்குப் பகுதியில் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

"படிக்காமல் வாங்கியது பயணியின் தவறு" என்று சிலர் சொல்வார்கள். கைப்பை ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் இளைஞருக்கு அந்த வாதம் பொருந்தும். அவர் முன்கூட்டியே இணையத்தில் செக்-இன் செய்துவிட்டு, இமிகிரேஷன் பக்கமே போகாமல் அடுத்த வாயிலுக்கு நடந்துவிடலாம். அவரைக்கூடச் சில நிறுவனங்கள் ஆவணச் சரிபார்ப்புக்குக் கவுண்டருக்கு வரச் சொல்வதுண்டு. அறுபது வயதைத் தாண்டி, இரண்டு பெட்டிகளுடன், ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறிக்கொண்டு போகிறவருக்கு அந்த வாதத்தைச் சொல்வது நியாயமாகாது. லண்டன் கேட்விக்கில், தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவரின் பெட்டியை வாங்கி அடுத்த விமானத்துக்கு அனுப்பும் சேவையை அந்த விமான நிலையமே நடத்திக் காட்டியது. 2017இல் ஈஸிஜெட் என்ற பட்ஜெட் நிறுவனம் தன் இணைப்புத் திட்டத்தை அதன் மேல்தான் கட்டியது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே போதும். நம் பக்கத்து விமான நிலையங்களிலும் அப்படி ஒரு சேவை வரும்வரை, விலை தெரியும் அதே வரியில், அதே எழுத்தளவில், "பெட்டியை நீங்களே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும், இந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி வேண்டும்" என்று காட்டியே தீர வேண்டுமென்று நம் விமானப் போக்குவரத்துத் துறை விற்பனைத் தளங்களுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் விதி போடலாம். அதற்கு ஓடுதளமா கட்ட வேண்டும்?

என்னிடம் யோசனை கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு டிக்கெட்டுகளுக்கும் தனித்தனியாகப் பெட்டிக் கட்டணத்தைக் கூட்டிய பிறகு, ஒரே முன்பதிவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் வித்தியாசம் ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குள் சுருங்கிவிடும். விசா இல்லாத இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் சிங்கப்பூர் வழியாகப் போவதென்றால் ஒரே முன்பதிவு என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கோலாலம்பூரில் தனித்தனி டிக்கெட்தான் கட்டுப்படியாகும் என்றால், சில மணி நேர இடைவெளியை நம்பாமல் ஓர் இரவு தங்குங்கள். பத்துமலைக்குப் போய்விட்டு, மறுநாள் நிதானமாகக் கிளம்பலாம். பெற்றோரை வழியனுப்பப் போகிறவர்கள், திருச்சி கவுண்டரில் பெட்டி உள்ளே நகர்வதற்கு முன், கைப்பிடியில் ஒட்டிய பட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மூன்று எழுத்துகளைப் படித்துவிடச் சொல்லுங்கள்: மெல்போர்ன் என்றால் 'எம்.இ.எல்.', கோலாலம்பூர் என்றால் 'கே.யு.எல்.' மெல்போர்ன் வரை ஒரே முன்பதிவு வாங்கியிருந்தும் பட்டையில் கோலாலம்பூர் என்று இருந்தால், கேட்க வேண்டிய இடம் அந்தக் கவுண்டர்தான், அதுவும் பெட்டி பெல்ட்டில் ஏறுவதற்கு முன்பே.